கவாத்து தேதியும் பரீட்சை தேதியும்: பாலக்கோடு பக்கத்துப் பட்டுக் கொட்டாய் ஒன்றின் ஐந்து வருடம் (1996–2001)

1999 மார்ச்சில் இந்த வீட்டில் 100 முட்டைத் தொகுதி (ஒரு தாய்ப்பூச்சி இட்ட முட்டை ஒரு தொகுதி) வாங்கி வளர்த்த பட்டுப்பூச்சி, 11.5 கிலோ கூட்டோடு முடிந்தது. அதற்கு முந்தைய மூன்று வருடத்தில் புழு வளர்க்கும் அதே மனையில், அதே 100 தொகுதிக்கு, 38 கிலோவுக்குக் குறைந்து கூடு வந்ததில்லை. வீட்டில் அன்று சொல்லப்பட்ட காரணம் இரண்டு: கண் பட்டது, பையன் சரியாகத் தழை போடவில்லை. முதலாவதை ஆராய வழியில்லை. இரண்டாவது தவறு என்பதற்கு வீட்டுக் கணக்கு நோட்டே சாட்சி. அந்த வாரம் பையன் வீட்டிலேயே இல்லை.

அந்த நோட்டையும், அன்று பள்ளியில் படித்த அக்கா, தம்பி இருவரும் இன்று நினைவிலிருந்து சொன்னதையும் ஒன்றாக வைத்து எழுதியது இது. வீட்டார் பெயர் வேண்டாம் என்றதால் போடவில்லை.

வீடும் கொல்லையும்

தர்மபுரி மாவட்டத்தில் ஊரை விட்டுத் தள்ளிக் கொல்லையிலேயே வீடு கட்டிக்கொண்டு இருப்பதைக் கொட்டாய் என்பார்கள். இது அப்படி ஒரு கொட்டாய். மொத்தம் இரண்டே முக்கால் ஏக்கர். ஒரு ஏக்கர் பட்டுச் செடி (மல்பெரி), எம்.ஆர்.2 ரகம், 3 அடிக்கு 3 அடி இடைவெளி. அதை ஒட்டி அரை ஏக்கரில் தக்காளி. மீதியில் மழையை நம்பி ராகியும் அவரையும். கறவை மாடு இரண்டு. ஒரு கிணறு, அதில் ஐந்து குதிரைத்திறன் மோட்டார். பட்டுச் செடிக்கும் தக்காளிக்கும் நடுவே ஒரு நடைவரப்பு, அதுவும் ஒன்றரை அடிதான். இந்த ஒன்றரை அடியைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கும்.

வருடத்துக்கு ஐந்து முறை பூச்சி போட்டார்கள், அதாவது முட்டை வாங்கிப் புழு வளர்த்தார்கள். அப்போது இந்தப் பக்கம் பரவலாக இருந்த கலப்பினம்தான். மைசூர் தாயும் என்.பி.4.டி.2 தகப்பனும் சேர்ந்தது. கூடு இளமஞ்சளாக இருக்கும். இன்று தர்மபுரி அங்காடிக்கு வரும் வெண்கூட்டோடு ஒப்பிட்டால் எடை குறைவு, ஆனால் வெயிலைத் தாங்கும்.

அக்கா 1996-இல் பத்தாம் வகுப்பு, தம்பி எட்டாம் வகுப்புக்கு வந்தவன். அதாவது 1999 மார்ச்சில் அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு, அவனுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பருவத்தில் தேர்வு வரும் என்பது 1996-லேயே தெரிந்த விஷயம். நோட்டில் மூன்று வருடத்தில் எங்கும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

யார் கையில் எது இருந்தது

"பிள்ளைங்க கூடமாட ஒத்தாசை" என்றுதான் அந்த வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். வேலையைப் பிரித்துப் பார்த்தால் ஒத்தாசை என்ற சொல் பொருந்தவில்லை.

முட்டை பொரிந்த நாளிலிருந்து இரண்டாம் தோலுரிப்பு வரை, ஏறத்தாழ எட்டு நாள், இளம்புழு அக்கா பொறுப்பு. நுனியிலிருந்து மூன்றாவது நான்காவது இலையைப் பறித்து, முதல் பருவத்துக்கு (ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள காலம் ஒரு பருவம்) அரை சென்டிமீட்டரிலிருந்து ஒன்றரை வரை, இரண்டாம் பருவத்துக்கு அதற்கு இருமடங்கு அளவில் வெட்ட வேண்டும். தட்டுக்கு அடியிலும் மேலும் மெழுகுத்தாள், ஓரத்தில் நனைத்த பஞ்சுப்பட்டை. 27–28 டிகிரி வெப்பம், 85–90 சதவீத ஈரம். தோலுரிப்புக்குப் புழு படுக்கத் தொடங்கியதும் மெழுகுத்தாளை எடுத்துவிட்டு, சுண்ணாம்புத் தூளை மெல்லிசாகத் தூவித் தட்டைக் காயவிட வேண்டும். இதில்தான் கைநேர்த்தி. எல்லாப் புழுவும் ஒரே நேரம் படுப்பதில்லை. பத்தில் ஒன்பது படுத்ததும் தழையை நிறுத்தினால், மீதி ஒன்று பின்தங்கிக் குட்டையாகும். அதற்காகத் தொடர்ந்து போட்டால், படுத்த ஒன்பதும் ஈரத் தழைக்கு அடியில் கிடந்து கெடும். எப்போது நிறுத்துவது என்பதை அந்த வீட்டில் அம்மாகூட அக்காவைக் கேட்டுத்தான் செய்தார். தலையைத் தூக்கி அசையாமல் நிற்கும் புழுவின் தலை சின்னதாகவும் கழுத்துப் பக்கம் முக்கோணமாகப் புடைத்தும் தெரியும். அதை எண்ணிப் பார்க்காமல் ஒரு தட்டை ஒரு பார்வையில் சொல்லும் கண் அவளுக்கு.

இந்த எட்டு நாளில் 100 தொகுதிக்குத் தேவைப்படும் தழை மொத்தமே 10 கிலோ சொச்சம். எடையில் ஒன்றுமில்லை. நாளைக்கு நான்கு வேளை, கையைக் கழுவி, தட்டைத் தொட்டு, வெட்டி, தூவி என்று நேரம்தான் போகும். அதனால் அந்த வேலை யார் கணக்கிலும் ஏறவில்லை. "அவ வீட்டுக்குள்ளதானே இருந்தா" என்பதுதான் அவளுடைய ஐந்து வருட உழைப்புக்கு வீடு வைத்திருக்கும் விவரணை.

தம்பி வேலை வெளியே. தழை பறிப்பு, சுமை, நடுராத்திரி மடை, தக்காளிக்குத் தெளிக்கும் நாளில் தண்ணீர் சுமப்பது. பழுத்த, அதாவது கூடு கட்டத் தயாரான, புழு பொறுக்குவதிலும் அவன்தான் முந்தி. பதின்மூன்று வயசுக் கண்ணுக்கு, பச்சை வெளுத்து உடம்பு கண்ணாடி போல மின்னி, தழையை விட்டுத் தலையைத் தூக்கித் தேடும் புழு சட்டென்று தெரியும். பெரியவர்கள் ஒரு தட்டு முடிப்பதற்குள் அவன் இரண்டு முடிப்பான். புழு கூடு கட்ட விடும் மூங்கில் தட்டியான சந்திரிகையில் ஒன்றுக்கு 900, மிஞ்சினால் 1,000 என்று விடுவதிலும் அவன் கை அளவு தெரிந்த கை. நெருக்கி விட்டால் இரண்டு புழு சேர்ந்து ஒரே கூடு கட்டும். அந்த இரட்டைக் கூட்டில் நூல் ஒழுங்காக உருவாது என்பதால் ஏலத்தில் தனியாகப் பிரித்துப் போடுவார்கள்.

இந்தப் பங்கீட்டில் கவனிக்க வேண்டியது சுமை மட்டுமில்லை. எந்த வேலை எப்போது என்ற தகவலும் பிள்ளைகளிடம்தான் இருந்தது. அது நோட்டில் ஏறவில்லை.

ஐந்தாம் பருவத்தின் ஏழு நாள்

நான்காம் தோலுரிப்பு முடிந்து எழும் புழு, அதன் வாழ்நாள் தீனியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அடுத்த ஏழு எட்டு நாளில் தின்னும். 100 தொகுதிக்குத் தோராயக் கணக்கு: முதல் பருவம் 2–3 கிலோ, இரண்டாவது 7–8, மூன்றாவது 30, நான்காவது 90–100. ஐந்தாவது மட்டும் 600–700 கிலோ. நடுவில் வரும் மூன்று நாளில் ஒரு நாளைக்கு 120 கிலோவைத் தாண்டும்.

அந்த வீட்டில் அப்போது தட்டு வளர்ப்பு. அதாவது இலையைத் தனித்தனியாகக் காம்போடு கிள்ளிப் பறிக்க வேண்டும். இந்த முறையில் ஒருவர் மணிக்கு 10 கிலோ தாண்டுவது கஷ்டம் என்பது வீட்டுக் கணக்கு. 120 கிலோ என்றால் 12 மணி நேரம். ஆளுக்கு மூன்று மணி என்று நான்கு பேர். ஆனால் நாள் முழுதும் பறிக்க முடியாது. பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறும் முன்பு என்று காலையில் இரண்டரை மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம்தான் பறிப்புக்கு ஏற்றது. நடுப்பகலில் பறித்த தழை கூடையிலேயே சூடேறி வாடும். ஈரத்தோடு பறித்ததைப் போட்டால் தட்டு நசநசத்து நோய்க்கு வாசல் திறக்கும். காலையில் பள்ளிக்குப் போகும் முன் 25 கிலோ, மாலையில் வந்ததும் 20 கிலோ, இரவு 10 மணிக்குக் கடைசித் தீனி, விடியல் 5 மணிக்கு முதல் தீனி. ஐந்தாம் பருவத்தில் பையன் தூங்கியது ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. வருடத்தில் ஐந்து முறை, முறைக்கு ஒரு வாரம். பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் விழுந்த ஓட்டைகளும் ஏறத்தாழ அதே வாரங்களில்தான் என்று தம்பியே இன்று சொல்கிறார்.

சுமையைப் பற்றி ஒன்று. 45 கிலோத் தழை மூட்டையைப் பதின்மூன்று வயதில் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடக்க வைத்ததற்கு ஒரு நியாயமும் இல்லை. இரண்டு நடையாக எடுத்தால் கூடுதலாவது பத்து நிமிடம். அவசரம் தழைக்கு இல்லை, பெரியவர்களுக்கு.

இதைவிட மோசமானது மனை கழுவும் நாள். ஒரு பூச்சி முடிந்து அடுத்தது போடும் முன் ஃபார்மலின் தெளிப்பார்கள். கடையில் வாங்கும் ஃபார்மலின் ஒரு லிட்டருக்கு 17 லிட்டர் தண்ணீர் கலந்தால் இரண்டு சதவீதக் கரைசல். சன்னல் கதவை அடைத்து உள்ளே நின்று தெளித்துவிட்டு, 24 மணி நேரம் மூடி வைப்பது. ஃபார்மலின் ஆவி கண்ணையும் தொண்டையையும் அறுக்கும். புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று பின்னாளில் உறுதியானது. தெளித்தது தம்பிதான், ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு. ஈரத்துண்டு அந்த ஆவியைத் தடுக்காது. 2 சதவீத பிளீச்சிங் கரைசலே இதற்குப் போதும்: 10 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் பிளீச்சிங் தூள், 30 கிராம் நீற்றிய சுண்ணாம்பு. கலக்கிய உடனே தெளிக்க வேண்டும், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். பழைய, காற்றுப்பட்ட தூளாக இருந்தால் பலனே இல்லை. பலர் ஃபார்மலினை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இந்தப் பழைய தூள்தான் காரணம்.

சட்டம் அப்போது என்ன சொன்னது என்று கேட்பவர்களுக்கு: 1986-ஆம் வருடக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் குடும்பத் தொழிலைத் தொடவில்லை. 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குட்பட்டவர்கள் பள்ளி நேரம் போக, விடுமுறையில், குடும்பத்துக்கு உதவலாம், ஆபத்தான வேலையாக இருக்கக் கூடாது. 14 முதல் 18 வரை ஆபத்தான வேலை கூடாது. இந்த வீட்டுப் பட்டியலில் தழை பறிப்பும் புழு பொறுக்குவதும் ஒரு பக்கம், ஃபார்மலினும் தக்காளி மருந்தும் மறுபக்கம் என்று கோடு போட்டால் விஷயம் தெளிவாகும்.

1999 மார்ச்

அந்தப் பூச்சி மார்ச் முதல் வாரத்தில் போடப்பட்டது. இளம்புழுக் காலம் அக்காவின் தேர்வுக்குள் விழுந்தது. அம்மா தனியாகப் பார்த்தார். இரண்டாம் தோலுரிப்பில் தழையை நிறுத்தும் நேரம் தப்பியது. நோட்டில் "புழு ஏத்தயெறக்கம்" என்று அம்மா சொல்லி அப்பா எழுதிய குறிப்பு இருக்கிறது. மூன்றாம் பருவத்திலிருந்தே ஒரே தட்டில் பெரிசும் சிறிசுமாகக் கலந்துவிட்டன. இது தனியாகப் பூச்சியைக் கொல்லாது. ஆனால் அடுத்து வரும் எதையும் தாங்கும் சக்தி இருக்காது.

மார்ச் நான்காம் வாரம் ஐந்தாம் பருவம். தம்பி தேர்வுக்காகப் பாலக்கோட்டில் மாமா வீட்டில் தங்கிவிட்டான். அவன் இடத்துக்குச் சித்தப்பா மகன் வந்தான். அவனும் பதினாறு வயசுப் பிள்ளை, வேலைக்குச் சளைத்தவன் இல்லை.

மூன்று நாளுக்கு முன் அப்பா தக்காளிக்குக் காய்ப்புழு மருந்து அடித்திருந்தார். மோனோகுரோட்டோபாஸ். (2005-இல் காய்கறிக்கு இதைத் தடை செய்தார்கள். அன்று அது கடைக்குக் கடை கிடைத்தது.) மாலைக் காற்று பட்டுச் செடிப் பக்கம். நடுவில் ஒன்றரை அடி வரப்பு. வழக்கப்படி தக்காளியை ஒட்டிய மூன்று வரிசையில் அடுத்த இரண்டு வாரம் யாரும் கை வைக்கக் கூடாது. இது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விதி. ஆனால் மருந்து அடித்த நாளை நினைவு வைத்து, "இன்னும் அஞ்சு நாளு தொடாதீங்க" என்று சொல்வது மூன்று வருடமாகத் தம்பி வேலை. அப்பா அடிப்பார், தம்பி கணக்கு வைப்பான். தம்பி பாலக்கோட்டில். சித்தப்பா மகனுக்கு யாரும் சொல்லவில்லை. வரப்போரம் யாரும் பறிக்காததால் அங்கேதான் தழை செழிப்பாக நின்றது. நல்ல பையன் நல்ல தழையாகப் பார்த்துப் பறித்தான்.

மனையில் ஐந்து ஸ்டாண்டு, ஒன்றுக்கு ஒன்பது தட்டு, ஆக 45 தட்டு. மாலையில் வந்த மூன்று மூட்டையில் வரப்போர மூட்டை, கதவுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு ஸ்டாண்டுக்குப் போனது. விடியற்காலை அம்மா விளக்கைப் போட்டபோது அந்த 18 தட்டும் கெட்டிருந்தன. மற்ற 27 தட்டும் கடமுடவென்று தின்றுகொண்டிருந்தன.

எது நோய், எது மருந்து

இந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் தீர்ப்பு தவறாகும். புழு சாவதைப் பார்த்ததும் "நோய் வந்திருச்சு" என்று தட்டு முழுதும் சுண்ணாம்பைக் கொட்டுவார்கள். பார்க்க வேண்டியவை வேறு.

பால் நோய் வந்த புழு ஊதும். கணுக்கு நடுவே புடைத்துத் தோல் பளபளக்கும். தட்டு ஓரத்துக்கு அலைந்து ஏறும். குத்தினால் பால் போல வெள்ளை நீர் வரும். சுண்ணக்கட்டு நோய் குளிர்ந்த, ஈரமான காலத்தில் அதிகம். செத்த புழு விறைத்து, இரண்டு நாளில் வெள்ளைப் பூசணம் பூத்துச் சுண்ணாம்புக் குச்சியாகும். தளர்வு நோயில் புழு துவண்டு, பசியற்று, கழிச்சல் ஈரமாக மணிக்கோவை போல வரும். செத்ததும் கறுத்து நாறும். இவை எல்லாம் நாள் கணக்கில் பரவும். முதல் நாள் நாலு, மறுநாள் நாற்பது என்று ஏறும். ஒரு தட்டில் தொடங்கிப் பக்கத்துத் தட்டுக்குப் போகும்.

மருந்துத் தழை அப்படி இல்லை. ஒரே தீனி, ஒரே இரவு. புழு தலையை இடம் வலமாக ஆட்டும், பச்சைச் சாற்றைக் கக்கும், உடம்பு சுருங்கிக் குட்டையாகும், பிடிப்பு விட்டுப் புரண்டு கிடக்கும். பெரிசு சிறிசு பார்க்காமல் எல்லாம் விழும். முக்கியமாக, எந்த மூட்டை எந்த ஸ்டாண்டுக்குப் போனது என்பதோடு ஒத்துப்போகும். அந்த 18 தட்டில் இந்த நான்கும் இருந்தன. சுண்ணாம்புக்கு அங்கே வேலை இல்லை. தழையை உடனே வழித்தெடுத்து, புழுவைக் காற்றோட்டமான இடத்தில் பரப்பி, நல்ல தழை போட்டுப் பார்ப்பது ஒன்றே வழி. அளவு குறைவாக இருந்தால் கொஞ்சம் தேறும். அங்கே தேறவில்லை.

18 தட்டு போனதோடு நின்றிருந்தால் 20 கிலோவுக்குக் குறையாமல் கூடு வந்திருக்கும். மீதி 27 தட்டைக் கெடுத்தது மருந்து இல்லை, பயம். அப்பா கைவசம் இருந்த தழை முழுதையும் சந்தேகப்பட்டுக் குப்பையில் கொட்டினார். ஒன்றரை வேளை தீனி தவறியது. பிறகு எங்கே பறிப்பது என்று முடிவாகி ஆள் சேர்ந்தபோது மணி பதினொன்று. வெயிலில் பறித்த தழை, ஈரச்சாக்குப் போட்டு மூடிக் குவியலாக வைத்தது. குவியலுக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருந்ததென்று சித்தப்பா மகன் சொன்னது அக்காவுக்கு இன்றும் நினைவிருக்கிறது. அந்தச் சூடு, தழை புளிக்கத் தொடங்கியதன் அடையாளம். மனைக்குள் மதிய வெப்பம், தகரக் கூரை, 35 டிகிரிக்கு மேல். ஐந்தாம் பருவப் புழுவுக்கு வேண்டியது 24–26. மூன்றாம் நாள் தளர்வு நோய் தெரிந்தது. ஏற்கெனவே ஏற்றஇறக்கமான புழு. செத்த 18 தட்டுப் புழுவைக் குழி தோண்டிப் புதைக்காமல் எருக்குழியில் வீசியிருந்ததும் உதவியிருக்காது.

கூடு கட்டிய புழுவிலும் பாதி மெல்லிய கூடு, கறைக் கூடு. ஏலத்துக்குப் போகும் முன்னிரவு தரம் பிரித்தபோது, நல்ல கூடு என்று தனியே கட்ட ஒரு பை போதும் என்றிருந்தது.

என்ன மாற்றினார்கள்

முதல் மாற்றம் வெறும் துணி. மருந்து அடித்த அன்றே தக்காளியை ஒட்டிய மூன்று வரிசையின் இரண்டு முனையிலும் சிவப்புத் துணிக் கிழிசலைக் கட்டுவது. எப்போது அவிழ்க்கலாம் என்ற தேதியை மனைக் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுவது. சொன்னவர் அக்கா. தேர்வு முடிந்து வந்ததும் தம்பியிடம் அவள் கேட்டது, "ஏன்டா, உனக்கு மட்டும் தெரிஞ்சா போதுமா? நீ இல்லாத அன்னிக்கு யாரு சொல்லுவா?" என்று. அவன் அதுவரை அதை ஒரு வேலையாகவே நினைத்ததில்லை.

அதோடு ஒரு சோதனையும் பழக்கத்துக்கு வந்தது. துணி அவிழ்த்த பிறகும் அந்த வரிசைத் தழையில் ஒரு பிடியை முதலில் ஐம்பது புழுவுக்குத் தனியாகப் போட்டு, அடுத்த தீனி வரை பார்ப்பது. தலையாட்டல் இல்லையென்றால் மற்றதற்குப் போடலாம். ஒரு வேளை தாமதம்தான் செலவு.

நடைவரப்பை எட்டடியாக அகட்டி, இரண்டு வரிசை கம்பு நேப்பியர் புல் வைத்தார்கள். ஆளுயரம் வளர்ந்தால் மருந்துத் துளியைக் கணிசமாகத் தடுக்கும். மருந்து அடித்த வாரம் அந்தப் புல்லை மாட்டுக்கு அறுக்கக் கூடாது என்பதை மட்டும் இரண்டு முறை மறந்தார்கள். தெளிப்பானும் இரண்டானது. தக்காளிக்கு ஒன்று, மனைக்கு ஒன்று. ஒரே தெளிப்பானை எத்தனை முறை கழுவினாலும் குழாயிலும் வாசரிலும் ஒட்டியது போகாது.

தட்டை விட்டுத் தண்டு வளர்ப்புக்கு மாறியது 1999 கடைசியில். இலை கிள்ளுவதற்குப் பதில் கிளையோடு அறுத்து, அடுக்குக்கு அடுக்கு இரண்டடி இடைவெளி விட்ட ஐந்தடி அகலப் பரணில் பரப்புவது. வேளை ஐந்திலிருந்து மூன்றானது. அரிவாளால் ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் அறுக்கும் கிளையில் வரும் தழையைக் கையால் கிள்ள மூன்று மணி நேரம் ஆகும். தழையும் தண்டில் இருப்பதால் சீக்கிரம் வாடாது. கழிவு எடுப்பது கடைசிப் பருவத்தில் ஒரு தடவையாகக் குறைந்தது. நட்டம் என்று பார்த்தால் இடம் கூடுதலாக வேண்டும், செடியும் ஒரே உயரத்தில் ஒரே சமயத்தில் வெட்டப்பட வேண்டும்.

அந்தக் கடைசி நிபந்தனைதான் பெரிய மாற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. ஐந்தாம் பருவத்துக்குத் தழை, கவாத்து செய்து (செடியை வெட்டிவிட்டு) 60–70 நாளில் தயாராகும். ஆகவே கவாத்துக்கு 48–50 நாள் கழித்துப் பூச்சி போட்டால், நான்காம் தோலுரிப்பு முடிந்து எழும்போது தழை பதமாக இருக்கும். இதைத் திருப்பிப் போட்டால், மார்ச்சில் தேர்வு இருக்கிறது என்றால் யோசிக்க வேண்டியது பிப்ரவரியில் இல்லை, நவம்பரில். முட்டை வாங்கும்போது தேதியைத் தள்ளலாம் என்று நினைப்பவர்களுக்குத் தழை ஒத்துழைக்காது. முற்றிய தழையைப் போட்டு நார்க் கூடு வாங்க வேண்டியதுதான்.

2000 நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து. 2001 ஜனவரி இரண்டாம் வாரம், பொங்கலை ஒட்டிப் பூச்சி. தம்பி அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அக்கா தர்மபுரியில் கல்லூரி, பொங்கல் விடுமுறைக்கு வீட்டில். இளம்புழுக் காலம் அவள் விடுமுறையில் கொஞ்சமாவது விழும்படி பார்த்தார்கள்.

வெயில் பிரச்சினை போய்க் குளிர்ப் பிரச்சினை வந்தது. ஜனவரி இரவில் இந்தப் பக்கம் 16 டிகிரிக்கு இறங்கும். இளம்புழுவுக்கு 27 வேண்டும். முதல் இரண்டு இரவு கும்முட்டி அடுப்பில் கரி மூட்டி உள்ளே வைத்தார்கள். அடைத்த அறையில் கரியடுப்பு புழுவுக்கும் ஆகாது, காவலுக்குப் படுப்பவருக்கு உயிராபத்து. அக்காவுக்குத் தலைவலி வந்ததும் அடுப்பை வெளியே எடுத்து, 200 வாட் பல்பு நான்கைத் தட்டுக்கு மூன்றடி தள்ளித் தொங்கவிட்டார்கள். பல்பு ஈரத்தை உறிஞ்சும் என்பதால் சுவரோரம் தண்ணீர்ச் சட்டி. இத்தனை செய்தும் புழு இரண்டு நாள் பிந்தியது. அதையும் முன்கூட்டியே கணக்கில் விட்டிருந்ததால் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்குள் கூடு அறுத்தாகிவிட்டது. 100 தொகுதிக்கு 43 கிலோ. சந்திரிகை கழுவி வெயிலில் காயப்போட்டு, மார்ச் முழுக்க மனை பூட்டிக் கிடந்தது. நோட்டில் அந்த மாதப் பக்கத்தில் பால் கணக்கு மட்டும்தான்.

இளம்புழுவைச் சாக்கி மையத்தில் இரண்டாம் தோலுரிப்பு வரை வளர்த்து வாங்கும் வழக்கம் இந்தக் கொட்டாய்க்குப் பின்னால்தான் வந்தது. வி-1 என்ற பட்டுச் செடி ரகமும் வெண்கூடும் அதோடு சேர்ந்து வந்தவை. அக்கா கையில் இருந்த அந்த எட்டு நாள் வேலை இன்று காசு கொடுத்து வாங்குவது. அதன் விலை என்ன என்பது அப்போதுதான் வீட்டுக்குத் தெரிந்தது.

மாறாமல் போனது ஒன்று. மும்முனை மின்சாரம் ஒரு வாரம் பகலில், ஒரு வாரம் ராத்திரியில். ராத்திரி முறை வந்தால் மோட்டார் போட்டு, பாத்திக்குப் பாத்தி மடை திறந்து அடைக்க ஒரு ஆள் விடியும் வரை வேண்டும். ஒரு ஏக்கர் பட்டுச் செடிக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரில் இரண்டு ராத்திரி. கையில் பேட்டரி லைட், காலில் செருப்புகூட இல்லாமல், விரியன் நடமாடும் வரப்பில். அப்பாவுக்கு முழங்கால் வலி என்பதால் 2001 மே மாதம் வரை அது தம்பி வேலையாகவே இருந்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு முந்தைய வாரம் ராத்திரி முறைதான் வந்தது. இரண்டு ராத்திரியில் ஒன்றுக்குச் சித்தப்பா மகன் வந்தான்.